பொலிகிடா

சங்கு குளிக்கப் போன ரோச் ஒருநாள் மூக்கிலும் காதிலும் ரத்தம் வடியக் கரையேறினான். அதற்குப் பிறகு அவனால் ஆழத்துக்குப் போக முடியவில்லை. இரண்டு பாகம் ஆழம் இறங்கினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடுவான். திரேஸ்புரத்தில் அவனோடு குளித்தவர்கள் தோணியில் போய் வந்துகொண்டிருக்க, அவன் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி அமலோற்பவம் தன் அம்மா போட்டுவிட்ட தங்கப் பாம்படத்தைக் காதிலிருந்து கழற்றினாள்.

"கடலை நம்புனது போதும். தரையில நிக்குத எதையாவது வாங்குவோம்" என்றாள்.

அதை விற்று வாங்கியது எட்டுச் செம்மறி. எட்டும் ஈன்று பழகிய தாயாடுகள். உப்பளத்து மண்ணில் ஆடு மேய்க்க முடியாது. அவளுக்கு மேய்க்கவும் தெரியாது. அவளிடம் கருவாடு வாங்குகிற சாயர்புரத்து ஜேசுபாதம்தான் மாடக்கண்ணுவைக் காட்டிவிட்டார். மாடக்கண்ணு பெரிய மந்தைக்காரன். அறுப்பு முடிந்த வயல்களில் எருவுக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிறவன். ஜேசுபாதத்தின் வயலிலும் வருஷா வருஷம் அவன் கிடைதான்.

"பெறக்குத குட்டியில பாதி ஒனக்கு, பாதி எனக்கு. தாயாடு எப்பவும் ஒனக்குத்தான். ஜேசுபாதம் அண்ணாச்சி சாட்சி" என்றான் மாடக்கண்ணு. அமலோற்பவம் மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டு ஆடுகளை ஒப்படைத்தாள்.

முதல் ஈத்தில் குட்டிகள் விழுந்த செய்தி கேட்டு, ரோச்சும் மகள் பிளாரன்ஸும் கூட வர, அமலோற்பவம் கிடைக்குப் போனாள். குட்டிகள் தாய் மடியை முட்டிக்கொண்டிருந்தன. பிளாரன்ஸ் ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ரோச் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான்.

"பால்குட்டியைப் புடிச்சிட்டுப் போயி என்ன செய்யப் போற தாயி? வளரட்டும். எங்கிட்ட இருந்தா என்ன, ஒங்கிட்ட இருந்தா என்ன?" என்றான் மாடக்கண்ணு. அவளுக்கு அது நல்ல மனசாகப் பட்டது. அடுத்த ஈத்துக்கும் அவன் அதையே சொன்னான். அந்தத் தடவையும் அவள் வெறுங்கையோடு சந்தோஷமாகத் திரும்பினாள்.

எழுபத்துமூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் ரோச் ரத்தமாக இருமத் தொடங்கினான். இங்கே வைத்துப் பார்க்க முடியாது, நாகர்கோவிலுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அமலோற்பவம் அன்றைக்கே பஸ் ஏறினாள். கிடை சாயர்புரத்துக்குக் கிழக்கே கிடந்தது. ஜேசுபாதத்தையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"எம் பங்கைப் புடிச்சித் தாங்க அண்ணாச்சி. அவுகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

மாடக்கண்ணு பல்குச்சியைக் கடித்தபடியே கேட்டான்: "எந்தப் பங்கு?"

"குட்டியில பாதி."

"குட்டியா? எங்க இருக்கு குட்டி?" அவன் ஓர் ஆட்டை எட்டிப் பிடித்து அதன் உதட்டைப் பிதுக்கிக் காட்டினான். "பாரு, ரெண்டு பல்லு போட்டாச்சு. இது மறி, ஈனாத பொட்டை. அந்தா நிக்கிது பாரு, அது கெடா. அங்கன படுத்து அசை போடுதே, அது காயடிச்ச கெடா. இந்த மந்தையில குட்டி எதுன்னு நீ காட்டு, புடிச்சித் தாரேன்."

"எல்லாம் என் ஆட்டுக்குப் பெறந்ததுதானே?"

"பெறக்கும்போது குட்டிதான். அப்பவே நீ கேட்டிருக்கணும். நம்ம பேச்சு குட்டிக்கு. மறிக்கும் கெடாவுக்கும் நாம பேசவே இல்லியே தாயி."

கூட நின்ற மேய்ப்பர்கள் சிரித்தார்கள். "கடக்கரையில எல்லாத்துக்கும் மீனுன்னுதான் பேரு போல" என்றான் ஒருவன். மாடக்கண்ணுவும் சிரித்தான். அமலோற்பவம் ஜேசுபாதத்தைப் பார்த்தாள். அவர் தன் வயலைப் பார்த்தார். புழுக்கையும் மூத்திரமுமாக வயல் கறுத்துக் கிடந்தது.

"குட்டின்னுதான் பேசுனீங்க அமலோற்பவம். அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார்.

தாயாடுகளையாவது தா என்று கேட்டாள். ஐந்து நோயில் போய்விட்டன என்று சொல்லி மூன்றைப் பிடித்துக் கொடுத்தான். மூன்றும் பல் விழுந்த கிழடுகள். அவள் வாங்கிக் கொடுத்தவைதானா என்றுகூட அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லா ஆடுகளும் ஒரே மாதிரி இருந்தன.

கிழட்டு ஆட்டைக் கறிக்கடைக்காரர்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவள் வீடு வீடாக ஓடி ஆஸ்பத்திரிச் செலவுக்குப் புரட்டுவதற்குள், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில், ரோச் இறந்துபோனான். அன்றைக்குத் தன் பங்கு கையில் கிடைத்திருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்பது யாருக்கும் தெரியாது. பிழைத்திருப்பான் என்று அமலோற்பவம் முடிவு செய்துகொண்டாள்.

துக்கம் விசாரிக்க வந்த ரோச்சின் தம்பி வில்பிரட் கொதித்தான். "நாலு பேரைக் கூட்டிட்டுப் போயி அவன் கையை முறிச்சிட்டு வாரேன் மைனி."

"கை முறிஞ்சா கட்டுப் போட்டுக்குவான்" என்றாள் அமலோற்பவம். "நீ போ. உன் சோலியைப் பாரு."

அவள் அழுகையை நிறுத்தியது அன்றைக்குத்தான். மறு வாரமே கருவாட்டுக் கூடையைத் தூக்கினாள். முன்பெல்லாம் சாயர்புரத்தோடு திரும்பிவிடுவாள். இப்போது எங்கெங்கே கிடை கிடக்கிறதோ அங்கெல்லாம் போனாள். மேய்ப்பர்களுக்குக் கருவாடு என்றால் உயிர். நெத்திலியும் சாளையும் கொடுத்துத் தானியம் வாங்கினாள், ஆட்டுத்தோல் வாங்கினாள். அதோடு சொற்களையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மாடக்கண்ணுவின் கிடைக்கும் போனாள். அவனைக் கண்டால் "நல்லா இருக்கியளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. புருஷன் செத்ததில் பேதலித்துவிட்டாள் போல என்று மற்றவர்களிடம் சொன்னான்.

அவளுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது மாடக்கண்ணுவின் மனைவி சீனித்தாய். சீனித்தாய்க்குப் பேசுவதற்கு ஆள் கிடையாது. புருஷன் அவளோடு பேசியதைவிட ஆடுகளோடு பேசியது அதிகம். கருவாட்டுக்காரி வந்து உட்கார்ந்தால் அவளுக்குப் பொழுது போனது.

"இது என்னது?" என்று கை காட்டுவாள் அமலோற்பவம்.

"அது பால் மறந்த குட்டி. தாய் இப்ப அதை அண்ட விடாது. இன்னும் கொஞ்ச நாள் போனா பொட்டைன்னா மறிங்கணும், ஆணுன்னா கெடாங்கணும்."

"மறி எப்பத் தாயாடாகும்?"

"தலையீத்து ஈன்னதும். வயித்துல இருக்குத வரைக்கும் சினை மறி. குட்டி கீழ விழுந்துட்டா அந்த நிமிசத்துலருந்து தாயாடு." சொல்லிவிட்டுச் சீனித்தாய் பக்கத்தில் வந்த ஆட்டைத் தட்டி ஒதுக்கினாள். பிறகு, "எங்கப்பா எனக்குச் சீரா இருவது மறி ஓட்டிவிட்டாரு. 'மறியெல்லாம் எம் மகளுக்கு'ன்னு சபையில வச்சிச் சொன்னாரு. அதுக ஈன்னதும் இவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'இப்ப இதுக மறியில்ல, தாயாடு. ஒங்கப்பன் தாயாடு தரலியே'ன்னாரு. நானும் சிரிச்சிட்டேன். வெளையாட்டுக்குச் சொல்லுதாருன்னு நெனச்சேன்" என்றாள்.

"பொறவு?"

"பொறவு என்ன? எல்லாம் அவரு மந்தை."

அமலோற்பவம் அவள் கையில் இரண்டு கருவாட்டைக் கூடுதலாக வைத்துவிட்டு எழுந்தாள்.

இரண்டு வருஷத்தில் அவளால் ஓர் ஆட்டின் வாயைத் திறந்து பார்த்து வயது சொல்ல முடிந்தது. மடியைத் தொட்டு, வறண்டதா சினையா என்று சொல்ல முடிந்தது. காயல்பட்டினத்து ஹாமிது அதைக் கேள்விப்பட்டு அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் தோணி வைத்திருப்பவர். மாலத்தீவுக்கு வெங்காயமும் மிளகாயும் அனுப்புவார். கறிக்குக் கிடாக்களும் அனுப்புவார். கிடை கிடையாக ஏறி இறங்கிக் கிடா பேசி முடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அமலோற்பவம் அந்த வேலைக்கு வந்தாள். கிடா எடுக்கும்போது அவள் யாரையும் ஏமாற்றவில்லை. பேசியதைக் கொடுத்தாள், பேசியதை எடுத்தாள். கடற்கரைக்காரி சொல் சுத்தம் என்று மேய்ப்பர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் அந்தப் பெரிய வறட்சி வந்தது. முந்தின மழைக்காலம் பொய்த்தது, அதற்கு முந்தினதும் பொய்த்தது. குளங்கள் பாளம் பாளமாக வெடித்தன. கிணற்றுக்காரர்கள் வாளியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார்கள். மாடக்கண்ணு மந்தையை வடக்கே ஓட்டிப் பார்த்தான், மேற்கே ஓட்டிப் பார்த்தான். வழியில் விழுந்தவை போக மிச்சத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். வறட்சியில் குட்டி பிறந்து சாகக் கூடாது என்று, இனவிருத்திக்கு விடுகிற பொலிகிடாவைத் தனியாகப் பிடித்துக் கட்டியிருந்தான். அதனால் மந்தையில் ஒரு சினையும் இல்லை.

அந்தப் பொலிகிடாதான் அவன் உயிர். வெள்ளை உடம்பில் சிவப்புப் பொட்டுகள் இறைத்த வேம்பூர்க் கிடா. அவன் பாட்டன் காலத்திலிருந்து ஒரே கால்வழியில் வருவது. மந்தை முழுவதும் அதன் ரத்தம். அதன் குட்டி என்றால் சந்தையில் பல்லைப் பார்க்காமலே பிடித்துக்கொண்டு போவார்கள். மற்ற ஆண்களையெல்லாம் அவன் காயடித்துவிடுவான். வேறு எவனுக்கும் அந்த ரத்தம் போகக் கூடாது என்பது அவன் வைராக்கியம்.

ஹாமிதுக்குக் காயலுக்குப் பக்கத்தில் சுற்றுச்சுவர் போட்ட தென்னந்தோப்பு இருந்தது. கிணறு வற்றவே வற்றாது. அமலோற்பவம் அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுச் சொன்னாள்: "காக்கா, காத்து அடங்கித் தோணி போறதுக்கு இன்னும் மாசக்கணக்காகும். மந்தைகளைத் தோப்புக்குள்ள விட்டுத் தண்ணி காட்டுங்க. பதிலுக்கு அவுக கெடாக்களைத் தரட்டும். ஒங்களுக்கும் ஆடு தேடி அலைய வேண்டாம், அவுகளுக்கும் உசிரு தப்பும்."

"நல்ல ரோசனைதான் தங்கச்சி. பேசு" என்றார் ஹாமிது.

அவள் மூன்று மந்தைக்காரர்களிடம் பேசினாள். மற்ற இரண்டு பேரிடமும், "பொலிகெடா நீங்கலா மத்த கெடாக்கள்" என்று பேசி முடித்தாள். தோப்பு வாசலில் மாடக்கண்ணுவிடம் பேசும்போது ஜேசுபாதத்தைக் கூட்டி வந்தாள்.

"ஒங்களுக்கு நம்பிக்கையான ஆளு சாட்சியா இருக்கட்டும்னுதான்" என்றாள். மாடக்கண்ணுவுக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது.

"மழைக்காலம் வரைக்கும் தண்ணியும் மேய்ச்சலும் ஒங்க மந்தைக்கு. காத்து அடங்கித் தோணி பொறப்படுத அன்னைக்கு மந்தையில நிக்குத கெடா எல்லாம் எங்களுக்கு. சம்மதமா அண்ணாச்சி?"

பின்னால் எலும்பும் தோலுமாக நின்றது மந்தை. கிணற்றுத் தண்ணீரின் மணம் அடித்ததும் ஆடுகள் வாசலை முட்டிக்கொண்டு கத்தின. "சம்மதம்" என்றான் மாடக்கண்ணு.

"வாயால சொல்லுங்க. என்ன சம்மதம்?"

"மந்தையில நிக்குத கெடா எல்லாம் ஒங்களுக்கு. சுடலைமாடன் மேல ஆணை. போதுமா? தொறளா கேட்டை."

அவள் திறந்துவிட்டாள்.

ஆவணியில் காற்று அடங்கியது. ஹாமிதின் தோணி துறையில் சரக்கேற்றத் தயாராக நின்றது. அன்று காலை தோப்பு வாசலில் மூன்று மந்தைக்காரர்களும் கூடியிருந்தார்கள். மற்ற இருவரும் தங்கள் கிடாக்களை ஓட்டிவிட்டு ஒதுங்கினார்கள். மாடக்கண்ணுவும் காயடித்த கிடாக்களை ஒவ்வொன்றாகத் தட்டி வெளியே விட்டான். நான்கு மாதத் தண்ணீரிலும் புல்லிலும் எல்லாம் கொழுத்திருந்தன.

"அவ்வளவுதான்" என்றான்.

"இன்னும் ஒண்ணு நிக்கிது" என்றாள் அமலோற்பவம்.

அவன் திரும்பிப் பார்த்தான். பொலிகிடா தென்னைமரத்தில் கட்டியிருந்தது.

"அது பொலிகெடா" என்றான்.

"ஆமா. கெடா."

"ஏளா, என்ன பேசுத? பொலிகெடாவை எவனாவது கறிக்கு அனுப்புவானா? அதை வச்சித்தான் மந்தையே. இப்பத்தான் அதை மந்தையில விடப் போறேன், பொட்டையெல்லாம் வெறும் வயித்தோட நிக்கிது."

"ஏலே மாடக்கண்ணு." அவள் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அங்கே நின்ற எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "குட்டி வேற, மறி வேற, கெடா வேறன்னு எனக்குச் சொன்னவன் நீ. கெடா எல்லாம்னு நீயே வாயால சொன்ன. அதுல பொலிகெடா வேறன்னு சொன்னியா?"

மாடக்கண்ணுவின் முகம் வெளுத்தது. அவன் ஜேசுபாதத்தைப் பார்த்தான். "சொல்லுங்க அண்ணாச்சி. நாம பேசுனது கறிக்கெடாவைத்தானே?"

ஜேசுபாதம் துண்டால் முகத்தைத் துடைத்தார். அமலோற்பவம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடா எல்லாம்னுதான் பேசுனீங்க" என்றார் கடைசியில். "அதுக்கு நான் என்ன செய்ய?"

ஹாமிதுக்கு மனம் கேட்கவில்லை. "ஒரு கெடாதானே தங்கச்சி. விட்டுருவோமே" என்றார்.

"விட்டுருவோம் காக்கா. பொலிகெடா கெடா இல்லன்னு ஆடு மேய்க்கிறவங்க யாராவது ஒருத்தரு சொல்லட்டும், விட்டுருவோம்."

மற்ற இருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களையும் மாடக்கண்ணு எப்போதோ எதிலோ ஏமாற்றியிருந்தான். அவன் சுற்றிலும் தேடி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்ற மனைவியைக் கண்டான்.

"சீனித்தாயி, நீ சொல்லு. பொலிகெடாவைக் கெடாக் கணக்குல சேப்பாங்களா? சொல்லு அவுகளுக்கு."

சீனித்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அமலோற்பவம் அவளிடம் எதையும் பேசி வைத்திருக்கவில்லை. என்ன சொல்வாள் என்று அவளுக்கும் தெரியாது. சீனித்தாய் பொலிகிடாவைப் பார்த்தாள். பிறகு, தன் அப்பன் ஓட்டிவிட்ட மறிகளின் பிள்ளையும் பேத்தியுமாக நிறைந்து நின்ற மந்தையைப் பார்த்தாள்.

"கெடாதான்" என்றாள்.

மாடக்கண்ணு அவளை அடிக்கப் பாய்ந்தான். ஹாமிதின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். அமலோற்பவம் தென்னைமரத்துக்குப் போய், தானே கயிற்றை அவிழ்த்தாள். கிடா முரண்டு பிடித்தது. அவள் கொம்பைப் பற்றி இழுத்தாள்.

"தாயி, தாயி..." மாடக்கண்ணு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "ஒம் பங்கு அம்புட்டையும் தாரேன். அன்னைக்குக் கேட்டியே, ரெண்டு மடங்காத் தாரேன். மறியாவே புடிச்சிக்க. இதை மட்டும் விட்டுரு."

"அன்னைக்குத் தந்திருந்தா எம் புருசன் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரு. இன்னைக்குத் தந்து எனக்கு என்ன ஆகப் போகுது?"

"எம் பாட்டன் காலத்துக் கெடா தாயி!"

"நல்லாப் பாத்துக்க" என்றாள் அவள். "இனிமே பாக்க முடியாது."

துறை வரைக்கும் அவன் பின்னாலேயே ஓடி வந்தான். கிடாக்களைப் பலகை மேல் நடத்தித் தோணிக்குள் இறக்கினார்கள். பொலிகிடாவை மட்டும் நாலு பேர் தூக்கிப் போட வேண்டியிருந்தது. தோணி பாய் விரித்து வெளியேறும் வரை அது கத்தியது கரைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மாடக்கண்ணு இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதான். அமலோற்பவம் கரையில் நின்று அவனைப் பார்த்தாள். தோணியை அவள் பார்க்கவில்லை. அவன் முகத்தை, அது கோணியதை, மூக்கு ஒழுகியதை, ஒன்று விடாமல் பார்த்தாள். இரண்டரை வருஷமாக அவளுக்குத் தொண்டைக்குக் கீழே இறங்காமல் இருந்த சோறு அன்றைக்கு இறங்கியது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

மாடக்கண்ணு இரவல் பொலிகிடா கேட்டுக் கிடை கிடையாக அலைந்தான். தோப்பு வாசலில் நடந்தது அதற்குள் எல்லாக் கிடைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. "நீ இரவல்ன்னு சொல்லுவ. நாளைக்கு அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் சொல்லுவ" என்று ஒருவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். அந்த வருஷம் அவன் மந்தையில் ஒரு குட்டிகூட விழவில்லை. சீனித்தாய், சபையில் பேசியபடி தன் ஆடுகளைப் பிரித்துக்கொண்டு குளத்தூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தடுக்க அவனிடம் ஆள் இல்லை. மிச்ச மந்தையை வந்த விலைக்கு விட்டுவிட்டு, மாடக்கண்ணு புதுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். கப்பலிலிருந்து இறங்கும் சரக்குக்கு என்ன பெயர் என்றுகூட அவனுக்குத் தெரியாது என்று அங்கே சிரித்தார்களாம். வில்பிரட்தான் அதைக் கேட்டுவந்து அமலோற்பவத்திடம் சொன்னான். "இன்னொரு தடவை சொல்லு" என்றாள் அவள்.

இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் நெருங்கியது. திருநாளுக்கு முன்னால் செய்த பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அமலோற்பவம் வரிசையில் நின்று, சாமியார் உட்கார்ந்திருந்த மரத்தொட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சாமியார் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்த மனுஷனை மன்னிச்சிட்டியா?"

"இல்ல சாமி."

"செஞ்சதுக்கு மனஸ்தாபம் இருக்கா? வருத்தப்படுறியா?"

அவள் யோசித்தாள். அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காக, நிஜமாகவே தனக்குள் தேடிப் பார்த்தாள். சீனித்தாய் மாட்டுவண்டிக்குப் பின்னால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. கிடா கத்தியது நினைவுக்கு வந்தது. அது வாயில்லா ஜீவன், அதற்கு மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

"கெடாவுக்காக இருக்கு சாமி. அவனுக்காக இல்ல."

"அப்படின்னா நான் பாவப் பொறுத்தல் தர முடியாதே, அம்மா. நீ நற்கருணையும் வாங்கக் கூடாது."

"தெரியும் சாமி. கேக்கணும்னுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பாஸ்குப் பூசையில் கோவில் நிறையக் கூட்டம். நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்தபோது பிளாரன்ஸ் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீ போ" என்று அமலோற்பவம் கையைக் காட்டினாள். பெண்கள் எல்லோரும் போய்விட, அந்த வரிசையில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். முன்னால் போகிறவர்கள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை குனியவில்லை. மகள் நாவில் நற்கருணையோடு கை குவித்துத் திரும்பி வந்து பக்கத்தில் முழந்தாளிட்டதும், மகளின் தலையிலிருந்து நழுவிய முக்காட்டை அமலோற்பவம் எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.